பாட்டில்லாத படம்

பட்டிமன்றத் தலைப்பை நூருல் அமீன்தான் முடிவு செய்தார். ‘பாடகி ஞானசௌந்தரியின் புகழுக்குப் பெரிதும் காரணம் பாட்டா, நடிப்பா?’

காரைக்காலில் மைக் செட் கடை வைத்திருக்கும் அமீன், ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுதோறும் ஒரு கலைவிழா நடத்துவார். இந்த ஆண்டு ஞானசௌந்தரிக்குப் பாராட்டு. அவர் திருவேட்டக்குடியில் பிறந்து, மாதா கோயில் பாடற்குழுவில் பாடத் தொடங்கி, சென்னைக்குப் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சினிமாவில் பாடியவர். நடுவில் ஐந்து படங்களில் நடித்தும் இருந்தார். ஐந்தும் ஓடவில்லை.

அதனால் நடிப்புப் பக்கம் பேச ஆள் கிடைக்கவில்லை. பாட்டுப் பக்கத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தெட்சிணாமூர்த்தி கேட்ட மாத்திரத்தில் எடுத்துக்கொண்டார். கடைசியில் அமீன் கீர்த்திகாவுக்குப் போன் செய்தார். கீர்த்திகா மின்துறை அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரத்தில் பட்டிமன்றம் பேசப் போவாள்.

“நடிப்புன்னு எதைப் பேசுறது பாய்? அவங்க நடிச்சதே பாதிப் பேருக்குத் தெரியாது.”

“வேற யாரும் மாட்டேங்குறாங்க, அதான் உங்களக் கூப்புடுறேன். தோக்குற பக்கம்தான். ஆனா அந்தம்மா முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. கொஞ்சம் மரியாதையா தோத்துக் குடுங்க.”

மரியாதையாகத் தோற்பது எப்படி என்று கீர்த்திகாவுக்குத் தெரியவில்லை. சரி, படங்களைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்தாள். தருமபுரத்தில் அவர்களுடைய வீட்டுக் கூடத்தில் பெரிய டி.வி. இருந்தது. கணவன் சிவராமனும் கூட உட்கார்ந்தான்.

முதல் படத்தில் ஞானசௌந்தரி கிராமத்துப் பெண். பத்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு. பாட்டுக்கு உதடு அசைப்பதில் ஒரு பிசகு இல்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் முகமும் முடிந்துவிடும். அடுத்ததில் போலீஸ் அதிகாரி. லத்தியைக் குடை மாதிரி பிடித்திருந்தார். மூன்றாவதில் இரட்டை வேடம், அக்காளும் தங்கையும் ஒரே மாதிரி நின்றார்கள். நான்காவதில் பேயாக வந்தார். சிவராமன் அதுவரை தாங்கியவன், பேய் கீர்த்தனை பாடத் தொடங்கியதும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

ஐந்தாவது படம் அடுத்த வாரம்தான் கிடைத்தது. யாரோ மலேசியத் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து யூடியூபில் போட்டிருந்தார்கள். கீழே மலாய் எழுத்துகள் ஓடின. அதில் ஞானசௌந்தரி கதாநாயகி இல்லை. கதாநாயகனின் அக்கா, கல்யாணமாகாதவள், தையல் கடையில் வேலை செய்கிறவள். அவருக்கு ஒரு பாட்டுகூட இல்லை.

ஒரு காட்சியில் தம்பிக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கல்யாணத் தேதியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா காப்பித் தட்டோடு நிற்கிறாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘மூத்தவ ஒருத்தி இருக்காளே’ என்று யாரோ மெதுவாகச் சொல்கிறார்கள். தம்பி பேச்சை மாற்றுகிறான். அக்காவின் முகத்தில் அதிகமாக எதுவும் நடக்கவில்லை. தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் போய் விழுவது மட்டும் தெரிகிறது. பிறகு, “சக்கரை போதுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறாள்.

கீர்த்திகா அந்தக் காட்சியை மறுபடி வைத்தாள். அப்போதுதான் அந்தக் குரல் ஞானசௌந்தரியுடையது இல்லை என்று உறைத்தது. முந்தைய படங்களில் அவர் பேசியதெல்லாம் காரைக்கால் இழுவையோடு இருந்தது. இதில் யாரோ சுத்தமாக, பட்டணத்துப் பெண்ணைப் போலப் பேசியிருந்தாள். மற்ற காட்சிகளையும் பார்த்தாள். படம் முழுக்க அதே இரவல் குரல்.

சத்தத்தை அணைத்துவிட்டு முதலிலிருந்து பார்த்தாள். அக்காவின் முகம் இப்போது இன்னும் தெளிவாகப் பேசியது.

மறுநாள் அமீனிடம் சொன்னாள். அவர் பதறினார்.

“அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. இவ்வளவு பெரிய பாடகியோட குரலையே மாத்திட்டாங்கன்னு மேடையில சொன்னா நல்லாவா இருக்கும்?”

“நான் சொல்ல மாட்டேன் பாய். அது அவங்க விஷயம்.”

திருநள்ளாறு சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. மாலை ஐந்து மணிக்கே கூட்டம் நிறைந்துவிட்டது. ஞானசௌந்தரி வெளிர்நீலப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்குகிறவர். பழைய தோழிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசியபடி இருந்தார்கள். அமீன் நடுவராக மேடையில் அமர்ந்தார்.

தெட்சிணாமூர்த்தி பாட்டுப் பக்கம் பேசினார். பேசியதைவிடப் பாடியது அதிகம். கூட்டம் கூடவே பாடியது. அவர் உட்கார்ந்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கீர்த்திகா எழுந்தாள். மரியாதைக்காகப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“அம்மா நடிச்ச முதல் நாலு படத்தையும் பாத்தேன். அதுல சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்லைங்க” என்று தொடங்கினாள். அமீன் செருமினார். “அந்த நாலு படத்துலயும் அவங்கள நடிக்கக் கூப்புடல. பாடுற ஆளைக் கூட்டியாந்து நிக்க வெச்சிருக்காங்க. போலீசு வந்தாலும் பாட்டு, பேய் வந்தாலும் பாட்டு.” கூட்டம் சிரித்தது. ஞானசௌந்தரியும் சிரித்ததைப் பார்த்தபின் கீர்த்திகாவுக்கு மூச்சு வந்தது.

பிறகு காப்பித் தட்டுக் காட்சியைச் சொன்னாள். “எதிராளி பேசுறப்ப தன்னோட வசனம் எப்ப வரும்னு காத்திருக்கிறவங்கதான் நடிகருங்கள்ல பாதிப் பேரு. அம்மா காத்திருக்கல. கேக்குறாங்க. ஒரு மனுஷி கேக்குறத அவ்வளவு நேரம் நாம பாத்துக்கிட்டிருக்கோம். அந்த ஒரு படத்துக்காக அவங்கள நடிகைன்னு சொல்லலாம்.”

கைதட்டல் குறைவுதான். ஞானசௌந்தரியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

மறுப்புரைக்குத் தெட்சிணாமூர்த்தி எழுந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. மேடை ஏறிவிட்டால் மட்டும் ஜெயிக்காமல் இறங்க மாட்டார்.

“தங்கச்சி ஒரு படத்தச் சொன்னாங்க. அந்தப் படம் வந்தப்பவே பத்திரிகையில படிச்சேன். அதுல பேசுனதே நம்ம அம்மா இல்ல. டப்பிங் குரல். குயிலுக்கு இரவல் குரல் குடுத்த படத்தையா சாதனைன்னு சொல்றீங்க?”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஞானசௌந்தரி கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். தெட்சிணாமூர்த்தி அதைப் பார்த்துவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது என்பது அவருக்கே புரிந்தது போல, அடுத்த வாக்கியத்தைத் தேடித் தடுமாறி உட்கார்ந்துவிட்டார்.

கீர்த்திகாவுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கையிலிருந்த குறிப்பை மடித்து வைத்தாள்.

“சார் சொல்றது உண்மைதான். எனக்கும் தெரியும். அதனால சத்தத்த நிறுத்திட்டுத்தான் அந்தப் படத்த முழுசாப் பாத்தேன்” என்றாள். “பாட்டுக்குக் குரல் இருக்கு. நாம எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம். அந்தப் படத்துல அவங்ககிட்டேருந்து அதையும் எடுத்துட்டாங்க. அதுக்கப்புறமும் திரையில ஒருத்தங்க நிக்கிறாங்க. அதை நடிப்புன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது, சொல்லுங்க.”

அவள் உட்கார்ந்த பிறகுதான் கைதட்டல் வந்தது. ஆனாலும் அமீன் தீர்ப்பைப் பாட்டுக்குத்தான் கொடுத்தார். வேறு தீர்ப்புச் சொன்னால் இந்த ஊரில் கடை நடத்த முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஞானசௌந்தரி ஏற்புரை வழங்க மேடைக்கு வந்தார். ஊரைப் பற்றியும் கோயில் பாடற்குழுவைப் பற்றியும் பேசினார். கடைசியில் மைக்கை நெருக்கிப் பிடித்தார்.

“டப்பிங் போட்டத எங்கிட்ட யாரும் சொல்லல. ரிலீசுக்கு முன்னாடி பிரிவியூ ஷோல உக்காந்திருக்கேன், நான் வாயத் தொறக்குறேன், வேற யாரோ பேசுறா. எந்திரிச்சு வெளியில வந்துட்டேன். அந்தப் படத்த நான் இன்னிவரைக்கும் பாத்ததில்லைங்க. அதோட நடிக்கவும் போகல. நான் பேசுனது பட்டிக்காடு மாதிரி இருந்துச்சாம்.” கீர்த்திகா பக்கம் திரும்பினார். “இன்னிக்குத்தான் அதைப் பத்தி ஒருத்தங்க நல்லதா சொல்லிக் கேக்குறேன்.” பிறகு கூட்டம் கேட்ட பாட்டைப் பாடினார்.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மணப்பெண் அறைக்குக் கீர்த்திகாவைக் கூப்பிட்டனுப்பினார். தெட்சிணாமூர்த்தி ஏற்கெனவே அங்கே வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். “வுடுங்க சார், உள்ளதத்தானே சொன்னீங்க” என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்தப் படம் போன்ல இருக்கா?”

“இருக்கும்மா.”

“காட்டுங்க. முதல்ல சத்தம் வேணாம்.”

இருவரும் கண்ணாடி மேசைக்கு முன்னால் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். காப்பித் தட்டோடு அக்கா நின்றாள். ஞானசௌந்தரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காட்சி முடியும்வரை பார்த்தார்.

“அன்னிக்கு செட்டுல யாருமே எங்கிட்டப் பேசல. ஹீரோயினா இருந்தவ அக்கா வேஷத்துக்கு எறங்கிட்டான்னு ஒரு மாதிரி பாத்தாங்க. அதான் முகத்துல கெடக்கு” என்றார். பிறகு, “இப்ப சத்தத்த வைங்க.”

கீர்த்திகா தயங்கினாள். அவரே போனை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினார். இரவல் குரல் அந்தச் சின்ன அறையில் ஒலித்தது. ‘சக்கரை போதுமா?’

“நல்லாத்தான் பேசியிருக்கா” என்றார் ஞானசௌந்தரி. “யாரு என்னன்னு நான் விசாரிக்கவே இல்ல. அவளும் கூலிக்குத்தானே வந்திருப்பா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். வெளியே அமீன், கார் தயார் என்று குரல் கொடுத்தார்.

“பேய்ப் படத்துல பாடுன கீர்த்தனை ராகம் சுத்தமா இருக்கும். அதை நீங்க சொல்லல” என்று எழுந்தார்.

“ராகம் நல்லா இருந்துச்சும்மா. பேய்தான் நல்லா இல்ல.”

ஞானசௌந்தரி அவள் தோளில் தட்டிச் சிரித்துவிட்டுக் கிளம்பினார். போகும்முன் கீர்த்திகாவின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஒரு இணையத் தொடரில் அவர் நடித்தார். திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றின் முதலாளியம்மா வேடம். தன் குரலில்தான் பேசுவேன், ஊர்ப் பேச்சில்தான் பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லித்தான் ஒப்புக்கொண்டாராம். இரண்டே அத்தியாயங்களில் வந்தார். தொடர் வெளியான வாரம் அவரே கீர்த்திகாவுக்குப் போன் செய்தார்.

“பாத்தீங்களா? உள்ளதச் சொல்லுங்க.”

கீர்த்திகா உள்ளதைச் சொன்னாள். “முதல்ல வர்றது ரொம்ப நல்லா இருக்கும்மா. ரெண்டாவதுல அந்த அழுகை கொஞ்சம் கூடிப்போச்சு.”

“எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. டைரக்டர்கிட்ட சொன்னேன், கேக்கல” என்றார் ஞானசௌந்தரி. பிறகு இருவரும் அந்த அழுகைக் காட்சியை எப்படி எடுத்திருக்கலாம் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.