மங்கோலியாவில் போன கால்

பொய்க்கால் பிளந்து ஆறு மாதமாகிறது. கம்பி சுற்றிக் கட்டிக்கொண்டுதான் தொக்தோசுன், நரின் என்ற நகரத்துக்குப் பஸ் ஏறினார். எண்பதுகளில் ஆப்கான் போருக்குப் போனவர்களுக்குப் படைவீரர் மருத்துவமனையில் இலவசமாகப் புதுக்கால் போடுகிறார்கள். ஆனால் அவருடைய ராணுவக் கோப்பு எப்போதோ தீயில் போய்விட்டது. அந்தக் காலத்துக் கடிதமோ, கூட இருந்தவரின் சாட்சியோ வேண்டுமாம். அவரிடம் இரண்டுமே இருந்தன.

இறந்துபோன அம்மா பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஒன்பது கடிதங்களையும் மனைவி சைராகுல் படைவீரர் சங்க அலுவலக மேசைமேல் வைத்தாள். அலுவலகப் பெண் பிரித்துப் படித்தாள்.

"என்னங்கய்யா இது? மங்கோலியாவுல கட்டட வேலை பாக்கறேன், ஆட்டுக்கறி தின்னு அலுத்துப்போச்சுன்னுல்ல எழுதியிருக்கீங்க?"

"அப்படித்தாம்மா எழுதச் சொன்னாங்க, ஊருல அம்மாமாருங்க பயந்துடக் கூடாதுன்னு. சொன்னவரே பக்கத்து ரூம்லதான் இருக்காரு, கூப்பிடு."

கல்முர்சா வந்தார். அன்று அவர்கள் படைப்பிரிவில் வீரர்களின் கடிதங்களைக் கண்காணித்த அரசியல் அதிகாரி, இன்று படைவீரர் சங்கத் தலைவர். படை திரும்பிய நாளான பிப்ரவரி பதினைந்தில், தொக்தோசுனை மேடையேற்றி, "நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவன்" என்று பள்ளிப் பிள்ளைகளிடம் வருஷம் தவறாமல் காட்டுகிறவரும் அவரே.

"சொல்லுங்கண்ணே," என்றார் தொக்தோசுன்.

கல்முர்சா கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "உன் கையெழுத்துதானே தம்பி?"

"ஆமா. சொல்லச் சொல்ல எழுதினேன். நீங்க பின்னாடியே நின்னீங்களேண்ணே!"

"மங்கோலியான்னு எழுதியிருக்கறப்ப நான் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்? பொய் எழுதுன்னு நான் யாருக்கும் உத்தரவு போட்டதில்லப்பா."

போட்டேன் என்றால், பெற்ற தாய்களை ஏமாற்றினேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெரிய மனுஷனுக்கு அதற்கு நெஞ்சுரம் இல்லை.

"மனசுல வச்சுக்காத," என்று கல்முர்சா தோளைத் தட்டினார். "பதினஞ்சாந் தேதி மறக்காம வந்துடு. பிள்ளைங்க காத்திருக்கும்."

தொக்தோசுன் நாற்காலியில் உட்கார்ந்து கம்பியை அவிழ்த்தார். பொய்க்காலைக் கழற்றி, கடிதங்களின் மேல் வைத்தார்.

"நான் எதுக்குண்ணே? இதை மேடையில நிறுத்துங்க. மங்கோலியாவுல கறி தின்னப் போன கால்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லுங்க."

சைராகுலின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வெளியே போனார்.