வழித்த கை

முதுகுளத்தூர்ப் பக்கம் யாருக்கு வயிறு வலித்தாலும், குடல் ஏறிவிட்டதென்று ராக்கப்பனைத் தேடித்தான் வருவார்கள். விளக்கெண்ணெய் தொட்டு வழித்துவிட்டால் வலி இறங்கிவிடும். மிளகாய்க்காடு சோறு போட்டது; பேர் வாங்கிக் கொடுத்தது கைதான். அந்தக் கை சொந்தப் பெண்டாட்டிக்கு உதவவில்லையே என்று அவனுக்குத் தீராத வெட்கம்.

சண்முகவள்ளிக்கு இடது விலாவுக்கடியில் விண்விண்ணென்று துடித்துக்கொண்டே இருந்தது. அறுபத்திரண்டாம் வருஷம் மாசியில் மதுரைக்குக் கூட்டிப்போனான். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மண்ணீரலுக்குப் போகிற ரத்தக்குழாய் ஓரிடத்தில் நெல்லிக்காய் அளவு புடைத்திருக்கிறதாம். இப்படி ஒன்றை அவரே இதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாராம்.

"வயித்தைத் திறந்து குழாயைக் கட்டி, மண்ணீரலையும் எடுத்துடணும். ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரங்க ரெண்டு பேரோட திங்கக்கிழமை வந்துடுங்க. அதுவரைக்கும் வயித்தை யாரும் அமுக்கக் கூடாது. வெடிச்சா உயிர் தங்காது."

வெள்ளிக்கிழமை அவள் வலியில் சுருண்டாள்.

"ஊருக்கெல்லாம் வழிச்சு விடுறீக. என்னைய மட்டும் பாத்துக்கிட்டே இருக்கீகளே!"

அமுக்கத்தானே கூடாது என்றார் டாக்டர்? அமுக்குவது அரைகுறைகள் செய்கிற வேலை. தான் செய்வது வழிப்பது. இந்த நியாயம் அவனுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. எண்ணெயைத் தொட்டான். விரலடியில் துடித்ததை மேலிருந்து கீழாக மெல்ல இறக்கினான். வலி விட்டது. அவள் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். இனி கத்தி எதற்கு என்றுகூட நினைத்துவிட்டான், பாவி.

ஞாயிறு காலை மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தவள் களத்திலேயே சரிந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தான் அடி. இங்கே அடிபட்டவள் அவள். அவளுடைய அண்ணன் வேல்சாமி ரத்தம் கொடுக்க, அவளைக் கிடத்திய மிளகாய் லாரியில் கூடவே ஏறினான். மதுரை போகும்வரை அவள் உடம்பு ஜில்லிட்டுக்கொண்டே வந்தது.

டாக்டர் ஓடி வந்தார். "யாராவது வயித்துல கை வச்சாங்களா?"

ராக்கப்பன் வலது கையை வேட்டி மடிப்புக்குள் இழுத்துக்கொண்டான். அவள்தான் பதில் சொன்னாள்.

"யாரும் தொடலய்யா. இவுக யாரையும் தொட விடல."

உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார். வயிறு நிறைய ரத்தமாம். குழாயைத் தேடிக் கட்டுவதற்குள் உயிர் போய்விட்டதாம். வேல்சாமி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான்.

டாக்டர் ராக்கப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க. அந்தம்மாவே சொன்னாங்க."

"ஆமாங்கய்யா" என்றான் ராக்கப்பன்.