கசந்தால் நல்லது

என் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாக நிற்கிறவருக்கு மொட்டைமாடித் தோட்டத்தின் மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை. அதற்கு அவர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்த லட்சணம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இணையத்தில் இரண்டு பேருடைய வீடியோக்களைப் பார்த்துவந்தோம். ஒருவருக்கு நான் வைத்த பெயர் உரக்கார அக்கா. இருமிக்கொண்டே பேசுவார். வாடிய செடி, புழு விழுந்த காய் என்று எல்லாவற்றையும் காட்டி, "இது என் தப்புதான்" என்பார். இன்னொருவர் பல்வரிசை. அவர் தோட்டத்தில் ஓர் இலைகூடப் பழுத்து நான் பார்த்ததில்லை. எந்த நோயைச் சொன்னாலும் சிரித்த முகமாக ஒரு காயை எடுத்து நீட்டுவார்.

"செடியவே காப்பாத்தத் தெரியாதவங்ககிட்ட என்னத்தக் கத்துக்கறது?" என்று அக்காவை ஓரங்கட்டிவிட்டார் இவர். கெட்டுப்போன லிஃப்டைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றுக்கொண்ட மனிதர் பேசுகிற பேச்சா இது!

போன வருடச் சுரைக்காயிலிருந்து விதை எடுத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு வேலியில் யாரும் நடாத காட்டுச்சுரை ஒன்று படர்ந்து கிடந்தது. வேலியில் அது இருந்தால் பூக்களின் மகரந்தம் கலந்துவிடும், அந்த விதையை நம்பக்கூடாது, காய் கசந்தால் அது விஷம் என்று அக்கா ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார். இவரிடம் சொல்லிப் பார்த்தேன். காதிலேயே ஏறவில்லை.

இந்த வருடம் கொடி மாடியையே மூடிவிட்டது. காய்கள் கொள்ளை அழகு. என் கண் மட்டும் அந்த வேலிப் பக்கமே போனது.

முதல் காயைச் சாறு பிழிந்து அப்பாவுக்குத்தான் தரவேண்டும் என்று இவருக்கு ஆசை. மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. இவர் சாற்றைப் பிழிந்து டம்ளரில் ஊற்றும்போது, பலகையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். உடனே தொட்டியில் துப்பினேன்.

"ஐயோ, கசக்குதுங்க! கொட்டிடுங்க."

இவரும் கொஞ்சம் யோசித்தார். பல்வரிசையின் வீடியோவுக்குக் கீழே கேள்வி கேட்டார். உடனே சிவப்பு இதயத்தோடு பதில் வந்தது: 'கசந்தால் நல்லது. அதுதான் மருந்து.'

"பாத்தியா? பல லட்சம் பேர் பாக்கறாங்க. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?"

நாங்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே மாமனார் டம்ளரை எடுத்துவிட்டார்.

"மாமா, வேணாம்! கீழ வைங்க!"

"விடும்மா. எம்புள்ள வளத்தது. கசந்தா என்ன, இனிச்சா என்ன?"

நான் எட்டிப் பிடிப்பதற்குள் மடக்கென்று குடித்துவிட்டார். முகம் கோணியது. அப்படியும் மகனைப் பார்த்து, "நல்லாத்தாண்டா இருக்கு" என்றார்.

கொஞ்ச நேரத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வாந்தியில் ரத்தம் வந்தது. மருத்துவமனையில் என்னென்னவோ செய்தார்கள், ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. மறுநாள் காலையில் டாக்டர் வெளியே வந்து தலையை அசைத்தார். என் மாமனார் போய்விட்டார்.

இவர் அழவில்லை. தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து போனையே குத்திக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா செத்துட்டாருன்னு எழுதறேன். எழுத எழுத அழிக்கிறான்."

போனை வாங்கிப் பார்த்தேன். கீழே யாரோ ஒரு பெண் புதிதாகக் கேட்டிருந்தாள்: 'சார், எங்க வீட்டுக் காயும் கசக்குது. குழந்தைக்குக் குடுக்கலாமா?' அவளுக்கும் ஒரு சிவப்பு இதயம் விழுந்திருந்தது.

'கொடுக்காதே' என்று அடித்து அனுப்பினேன். மறைந்தது. என் போனிலிருந்து அனுப்பினேன். அதுவும் மறைந்தது. மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய பதில் வந்தது:

'ரொம்ப நன்றி சார். அடம் பிடிச்சான், மூக்கைப் பிடிச்சு ஊத்திட்டேன்.'