பெயிண்ட் காயாத பெஞ்சு

நகரத்துப் பூங்காக்களுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் பெஞ்சு செய்து தர ஒப்பந்தக்காரர்கள் தேவை என்று மாநகராட்சி பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தது. வெல்டர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைக்கப் போனார். அவர் மனைவி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எதைத் துடைக்கிறோம்னு பாத்துத் துடைக்க மாட்டீங்களா? பெஞ்சுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"அதெல்லாம் நமக்குக் கிடைக்காதும்மா. உள்ள நமக்கு ஆள் வேணும்."

வெல்டருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே பட்டறைதான். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று சந்து முழுக்க அவர் கைவேலைதான் நின்றது. இரும்பை வளைப்பாரே ஒழிய, ஒரு அதிகாரிக்கு முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசச் சொன்னால் அவரே வளைந்துவிடுவார். பேசுவது, கணக்குப் பார்ப்பது, வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் மனைவியின் இலாகா.

'உள்ளே ஆள்' என்ற பேச்சு காதில் விழுந்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்கிற பிறவி ஒன்று அந்த வீட்டில் உண்டு. அது அவளுடைய தம்பி. அவனைத் தெருவே 'காண்டாக்ட்' என்றுதான் கூப்பிடும். வங்கியில் காண்டாக்ட், ஆஸ்பத்திரியில் காண்டாக்ட், விமான நிலையத்தில் காண்டாக்ட் என்று சொல்லித் திரிவான். ஆனால் எங்கே போனாலும் வரிசையின் கடைசியில் நிற்பவன் அவனாகத்தான் இருப்பான்.

"மாமா, நீங்க பெஞ்சை மட்டும் செய்யுங்க. மாநகராட்சிய நான் பாத்துக்கறேன்," என்றான்.

"டேய், நீ ஒண்ணையும் பாக்க வேணாம். சும்மா இருந்தாலே பெரிய உதவி," என்றாள் அக்கா.

மறுநாளே அவள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தகவல் மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. தகவல் மேசைப் பெண்ணும் சளைக்காமல் இரண்டு தடவை சொன்னாள். முதலில் பட்டறையைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதிரி பெஞ்சைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அன்று மத்தியானமே விளக்கக் கூட்டம் நடக்கும். சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், எல்லார் முன்னாலும் படித்துப் பதில் சொல்வார்கள். விலையை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு," என்றாள் அந்தப் பெண். "டெண்டர் முடியற வரைக்கும் அதிகாரிங்க யார்கிட்டயும் தனியாப் பேசவே கூடாது. பேசினா வெளியே தள்ளிடுவாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. என் வீட்டுக்காரர் பேசவே மாட்டார்," என்றாள் வெல்டரின் மனைவி.

வெல்டர் பெஞ்சைச் செய்தார். முதுகு எங்கே சாய வேண்டும் என்று தானே உட்கார்ந்து பார்த்தார், மனைவியை உட்கார வைத்துப் பார்த்தார், பழைய பாக்கி கேட்க வந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் கடைக்காரரையும் உட்கார வைத்துப் பார்த்தார். வந்த காரியத்தை மறந்து அவர் கண்ணயர்ந்ததும், சாய்வு சரிதான் என்று வெல்டர் முடிவு செய்தார். சாம்பல் நிறம் அடித்துக் காயவைத்தாயிற்று.

மாதிரியைக் கொடுக்க வேண்டிய நாள் காலையில் காண்டாக்ட் மூச்சிரைக்க ஓடிவந்தான். அக்கா குளிக்கப் போயிருந்த நேரம்.

"மாமா, கலரை மாத்துங்க! உள்ளேருந்து தகவல். பெஞ்சைத் தேர்வு பண்ற சீஃப் இன்ஜினியருக்கு ஊதான்னா உயிராம். வீட்டு கேட் ஊதா, கார் ஊதா, திரைச்சீலை ஊதா. ஊதாவைப் பாத்தாலே மனுஷன் உருகிடுவாராம்."

"யாருடா சொன்னது?"

"அதைச் சொல்லக் கூடாது மாமா. ரொம்ப மேல்மட்டம்."

அந்த மேல்மட்டம் மாநகராட்சி அலுவலகத்து லிஃப்டை இயக்குபவர் என்பது பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்க அவர் மேலே போய் வருகிறவர் என்பதால் காண்டாக்ட் சொன்னதில் பொய் இல்லை. வெல்டருக்குச் சபலம் தட்டியது. ஒரு வீட்டு கேட்டுக்கு அடித்து மீந்த ஊதா பெயிண்ட் டப்பா மூலையில் இருந்தது. மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் பெஞ்சு ஊதாவாகிவிட்டது. அவள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். திட்ட நேரமில்லை, வேன் வாசலில் நின்றது. 'பெயிண்ட் ஈரம், உட்காராதீர்கள்' என்று ஒரு அட்டையில் எழுதிப் பெஞ்சில் கட்டிவிட்டு வேனில் ஏறினாள்.

மாநகராட்சிக் கிடங்கில் இடமில்லை என்று மாதிரிகளை இரண்டாம் மாடி நடையில் வைக்கச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பெஞ்சுகள் இருந்தன. ஒன்று பெரிய கம்பெனியுடையது. பளபளவென்று எவர்சில்வர், பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கிடந்தது. அதன் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கைகட்டி நின்றார். இன்னொன்று பிளாஸ்டிக் சாமான் கடைக்காரருடையது. யாரும் தொடக் கூடாதென்று சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார். நடையில் மனுஷன் உட்காரத் தோதாகத் திறந்து கிடந்தது ஊதா பெஞ்சு ஒன்றுதான்.

மனைவி ரசீது வாங்கப் போனாள். காண்டாக்ட் அட்டையை அவிழ்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"என்னடா பண்ற?"

"ஈரம்னு போட்டா, வேலையை முடிக்காம கொண்டுவந்துட்டோம்னு நெனைப்பாங்க மாமா. யாரு வந்து உக்காரப் போறா?"

அவன் வாய் மூடுவதற்குள் லிஃப்ட் திறந்தது. காதில் போனோடு சீஃப் இன்ஜினியர் வந்தார். ஆஜானுபாகுவான ஆள், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. "சரி... சரிம்மா... நான் எங்கே கத்தினேன்?" என்று போனில் குழைந்துகொண்டே நடந்தவர், பார்க்காமல் கொள்ளாமல் ஊதா பெஞ்சில் உட்கார்ந்தார்.

வெல்டர் பதறி ஓரடி முன்னால் வந்தார். 'சார்' என்று சொல்ல வாயெடுத்தார். அதிகாரியோடு பேசினால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்பது நினைவுக்கு வர, வாய் திறந்தபடியே நின்றது. சீஃப் இன்ஜினியரோ நன்றாகச் சாய்ந்துகொண்டார். காலை நீட்டினார். பெஞ்சு அவ்வளவு சுகமாக இருந்ததோ, மறுமுனையில் திட்டு அவ்வளவு நீளமோ, எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் 'பிசுக்' என்று ஒரு சத்தத்தோடு பிரிந்து எழுந்து போனார். பின்பக்கத்தில் பட்டை பட்டையாக ஊதாக் கோடுகள், அளவெடுத்து அடித்த மாதிரி.

"மாமா, வாயே திறக்காதீங்க," என்று கிசுகிசுத்தான் காண்டாக்ட். "நம்ம பெஞ்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"கட்டடத்துலயே ஊதா பெஞ்சு ஒண்ணுதாண்டா இருக்கு!"

வெல்டர் ஓடினார். அதிகாரியோடு பேசக் கூடாது, அதிகாரியைச் சுற்றியிருப்பவர்களோடு பேசலாமே. அறை வாசலில் நின்ற காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பாத்தேன், பாத்தேன்," என்றார் காவலாளி பதற்றமில்லாமல். "நான் போய்ச் சொன்னா, நீ ஏன்யா என் பின்னாடி பாத்தேன்னு கேப்பார். எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு."

குமாஸ்தாவிடம் போனார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியறதில்லை," என்றார்.

ரசீதோடு திரும்பிய மனைவியிடம் வெல்டர் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் தம்பியின் காதைத் திருகினாள்.

"அக்கா, வலிக்குது! பேசாம வீட்டுக்குப் போயிடலாம். அவரே பாத்துக்கட்டும்."

"கூட்டம் முடிஞ்சதும் கீழே விழாவாம், மேயரோட மேடை ஏறப்போறாராம் அந்த மனுஷன். வாசல்ல கேமராக்காரங்க நிக்கறாங்க."

வெல்டருக்கு அந்தக் காட்சி கண்முன்னே வந்தது. வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று தோன்றியது. "சொல்லிடலாம்மா. தள்ளினா தள்ளட்டும். நம்மால ஒரு மனுஷன் தலைகுனியக் கூடாது."

"தள்ளாத மாதிரியே சொல்லலாம்," என்று அவள் ஒரு சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். மறக்காமல் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள். கேள்வியாக இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தகவல் மேசைப் பெண் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

கூட்ட அறையில் மேசைக்குப் பின்னால் சீஃப் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குமாஸ்தா பெட்டியைத் திறந்து, எதையும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்ற விதிப்படி, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து ஒரே ராகத்தில் படித்தார்.

"கேள்வி ஒன்று. பெஞ்சைத் தரையில் பதிப்பது யார் பொறுப்பு?"

"செஞ்சவங்க பொறுப்பு," என்றார் சீஃப்.

"கேள்வி இரண்டு. பூங்காவுக்குக் கூரை உண்டா?"

"பூங்காவுக்கு எதுக்குய்யா கூரை? அடுத்தது."

"கேள்வி மூன்று," என்றார் குமாஸ்தா. "தனிப்பட்டது. தயவுசெய்து சத்தமாகப் படிக்க வேண்டாம்."

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார். குமாஸ்தா குரலைச் சற்றும் இறக்கவில்லை.

"மதிப்புக்குரிய ஐயா, எங்கள் மாதிரி பெஞ்சின் பெயிண்ட் காயவில்லை. தாங்கள் அமர்ந்ததில் தங்கள் கால்சட்டையின் பின்புறம் ஊதாக் கோடுகள் விழுந்துவிட்டன. மேடை ஏறுவதற்கு முன் மாற்றிக்கொள்ள இயலுமா?"

சீஃப் இன்ஜினியர் மெல்ல எழுந்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவி, முன்னால் கொண்டுவந்து பார்த்தார். உள்ளங்கை ஊதா. கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். தனியாப் பேசக் கூடாதுன்னு விதி இருக்கே."

"வேற யாரெல்லாம் பாத்தீங்க?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் மட்டும், "நான் முதல்லயே பாத்துட்டேன் சார். பார்டர் மாதிரி நல்லாத்தான் இருந்தது," என்றார்.

"யாரோட பெஞ்சு அது?"

வெல்டர் எழுந்தார். "என்னோடதுங்கய்யா. காலைலதான் அடிச்சேன். தப்புதான்."

"ஏன்யா ஊதா?"

"உங்களுக்கு... ரொம்பப் பிடிக்கும்னு..."

மனைவி அவரைக் கிள்ளினாள். அதற்குள் வார்த்தை போய்விட்டது.

"எனக்கா?" சீஃப் இன்ஜினியர் கத்தினார். "என் வீட்டுக்காரிக்குய்யா பிடிக்கும்! கேட்டு ஊதா, காரு ஊதா, தலகாணி ஊதா. ஆபீசுக்கு வந்தாத்தான் என் கண்ணுக்கு நிம்மதி. இங்கயும் வந்துட்டீங்களா?"

முதலில் சிரித்தது குமாஸ்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கோட்டுக்காரர் மட்டும் எழுந்து, "சார், இந்த மாதிரியைத் தள்ளுபடி பண்ணணும்," என்றார்.

சீஃப் அவரை முறைத்தார். "ஆய்வு அடுத்த வாரம். அதுவரைக்கும் யாரும் சாம்பிளைத் திருத்தலாம், விதியிலயே இருக்கு. தள்ளுபடி பண்றதுன்னா, நான் இப்படியே மேடை ஏறட்டும்னு விட்டவங்களைத்தான் பண்ணணும்." பிறகு குமாஸ்தாவிடம், "மூணாவது கேள்விக்குப் பதில் எழுதிக்குங்க: இயலும்," என்று சொல்லிவிட்டு, சுவரோடு சுவராக நகர்ந்து வெளியேறினார். லிஃப்ட்காரரின் நீலச் சீருடைக் கால்சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் அன்று மேடை ஏறினார். அது கணுக்காலுக்கு மேலே நின்றதே தவிர, கோடு எதுவும் இல்லை. அவர் திருப்பித் தரும்வரை லிஃப்ட்காரர் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டி 'எந்த மாடி?' என்று கேட்டாராம்.

வெல்டர் பெஞ்சைச் சுரண்டிப் பழையபடி சாம்பல் அடித்தார். ஆய்வு நாளன்று சீஃப் இன்ஜினியர் அதை விரலால் தொட்டார், முகர்ந்து பார்த்தார், கைக்குட்டையை விரித்தார், அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அங்கிருந்தபடியே மற்ற இரண்டையும் ஆய்வு செய்தார். எவர்சில்வர் பெஞ்சில் உட்கார்ந்த குமாஸ்தா வழுக்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டார். பிளாஸ்டிக் பெஞ்சில் காவலாளி உட்கார்ந்ததும், அது ஒருமுறை முனகி நடுவில் குழிந்தது. உறைகளை எல்லார் முன்னிலையிலும் பிரித்தார்கள். பூங்காக்கள் வெல்டருக்கு வந்தன. வழுக்கலைச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்ட கம்பெனிக்குப் பேருந்து நிறுத்தங்கள் போயின. கேட்கிற விலையில் இரும்பை ஏற்றிவர வேன் வாடகையையும் சேர்க்கச் சொல்லி மனைவி பிடிவாதம் பிடித்திருக்காவிட்டால், கையைச் சுட்டுக்கொண்டிருப்போம் என்று வெல்டர் பிறகு பலரிடம் சொன்னார்.

காண்டாக்டுக்குத்தான் தெருவில் மவுசு கூடிவிட்டது. மாநகராட்சியில் வேலை பிடிக்க வழி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, "எல்லாம் உள்ள ஆள் இருந்தா நடக்கும்," என்பான். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்ததும் எழுந்து ஓடுவான். ஒருநாள் வந்தவர்களை அவளே தகவல் மேசைப் பெண்ணிடம் அனுப்பிவைத்தாள்.

பெஞ்சுகளெல்லாம் பதித்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெல்டரும் மனைவியும் பெரிய பூங்காவுக்குப் போனார்கள். உட்கார்ந்து பார்க்க ஆசை. ஒரு பெஞ்சில் புதுசாகக் கல்யாணமான ஜோடி முகத்தைத் திருப்பிக்கொண்டு சண்டை போட்டது. இன்னொன்றில் நாலு பெரியவர்கள் அரசாங்கத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெஞ்சில் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்றார் வெல்டர்.

"பாவம், தூங்கட்டும்."

இருவரும் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே பூச்செடி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார்கள். கல் குத்தியது. வெல்டர் குனிந்து, தூங்குகிறவருக்கு அடியில் இருந்த பற்றவைப்புகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். கையை நீட்டித் தட்டியும் பார்த்தார்.

"என்னங்க, நேரா உக்காருங்க," என்றாள் மனைவி. "செருப்புத் திருடன்னு நெனச்சிடப் போறாங்க."