மேல் கம்பி

பால்கனி வாசல் தரையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

“பூச்சு வெடிச்சிருக்கு. இதுக்குப் போய் தங்கச்சியை மெஷினோட வரவழைப்பாளா ஒருத்தி!” என்று அத்தான் சிரித்தார். வீடு அவர் கட்டியது. அந்த வட்டாரத்தில் பாதி வீடுகள் அவர் கட்டியவைதான்.

கான்கிரீட்டை உடைக்காமலே உள்ளிருக்கும் கம்பியைக் காட்டும் ரேடார் ஸ்கேனரோடு தங்கை மண்டியிட்டாள். சக்கரம் வைத்த சிறு பெட்டி. முதலில் ஹாலுக்குள், வாசலை ஒட்டி உருட்டினாள். திரையில் கம்பிகள் குட்டிக் குன்றுகளாக மேலேயே வரிசை கட்டின. அப்பாடா! அடுத்து கையை நீட்டி, வாசலுக்கு அப்பால் உருட்டினாள். அதே குன்றுகள். ஆனால் அடியாழத்தில்.

மெஷின்தான் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி உருட்டினாள். மாறவில்லை.

அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு மேல் கம்பிதான் உயிர். வீட்டோடு அதை இழுத்துப் பிடிப்பது அதுதான். அடியில் கிடந்தால் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அக்காவோ வெளியே, கைப்பிடி ஓரம், மண் நிறைந்த சிமெண்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“அத்தான், கான்கிரீட் போட்ட அன்னிக்கு இங்க கம்பி மேல யாராவது நின்னாங்களா?”

அக்காதான் பதில் சொன்னாள். “யாராவதா? உங்க அத்தான்தான்டி! பூட்ஸ் காலோட நட்டநடுவுல நின்னு ஊரே அதிர கத்தினாரே! ஏங்க, சும்மாதானே நிக்கிறீங்க, வந்து இந்தத் தொட்டியைப் பிடிங்க.”

அத்தான் வாசலைத் தாண்டக் காலை எடுத்தார். தங்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“போகாதீங்க. உங்க பாரமும் சேர வேணாம்.” திரையைக் காட்டினாள். “உள்ள மேல இருக்கு. வாசல் தாண்டினதும் மிதிபட்டு அமுங்கிக் கிடக்கு.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, குழாயைப் போட்டுட்டு மெதுவா உள்ள வா.”

“இருடி, இன்னும் ஒரே ஒரு தொட்டி...”

“வாம்மா!” அத்தானின் குரல் அதட்டலாகத் தொடங்கிக் கெஞ்சலாக முடிந்தது.

அக்கா திகைத்துப்போய், அடிமேல் அடி வைத்து வந்தாள். கைக்கு எட்டியதும் அவர் அவளை வெடுக்கென்று உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

அவர் போனில் மேஸ்திரியைக் கூப்பிட்டார். “கீழ இருந்து தாங்க முட்டுக் கம்பங்களைக் கொண்டா. பால்கனிக்குக் கீழ யாரும் நடமாடக் கூடாது. உடனே!”

தங்கை ஸ்கேனரைப் பையில் வைக்கப் போனாள்.

“மூடாதே,” என்றார் அத்தான். “அடுத்த தெருவுல இதே மாதிரி பால்கனியோட நான் கட்டின மூணு வீடு இருக்கு. அங்கேயும் கம்பி மேல நான்தான் நின்னேன்.”