உப்புப் போடாத ஜனாதிபதி

எங்கள் நாட்டைப் பற்றி ஓர் அரசாங்கக் கந்தோரில் வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்த அத்தனை முகங்களும் எனக்குத் தெரிந்த முகங்கள். படம் சொன்ன கதைதான் எனக்குத் தெரியாத கதை. அதனால் உள்ளதை நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் அன்னப்பூரணி. ஊர் நாவற்குடா. தொழில் வாவியில் இறால் பிடிப்பது. நாடு கிண்ணந்தீவு.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். எங்கள் ஊருக்கும் காத்தான்குடிக்கும் நேரே, வாவிக்குள், கிண்ணை மரம் சூழ்ந்து கிடக்கும் ஒரு திட்டுதான் அது. ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் மத்தியானத்துக்குள் புல் முடிந்துவிடும். ஆனாலும் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு, சட்டம் உண்டு, அரசாங்கம் உண்டு. ஜனாதிபதியும் உண்டு. மற்ற நாட்டு ஜனாதிபதிகளைப்போல் இல்லை, எங்களுடையவர் வேலை செய்வார்.

சரித்திரத்தைக் கேளுங்கள். சண்டைக் காலத்தில் அந்தத் திட்டில் யாரும் கால் வைக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குக் காத்தான்குடி முஸ்லிம் ஆட்கள் பக்கம் தோணியைத் திருப்பப் பயம், அவர்களுக்கு எங்கள் பக்கம் திருப்பப் பயம். சுனாமி வந்து கடல் தொழிலை வாரிக்கொண்டு போன பிறகு இரண்டு ஊராரும் வாவிக்கே திரும்பினார்கள். ஒருநாள் இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் தீவில் இறங்கி, இது எங்கட இடம், இது எங்கட இடம் என்று துடுப்பை ஓங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எங்கள் பக்கம் முன்னுக்கு நின்றவர் வினாயகமூர்த்தி அண்ணன். அவர்கள் பக்கம் உசனார் காக்கா; அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். என் புருஷனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்த நேரம் பார்த்து மாரி மழை கொட்டியது. அரிசியும் சட்டியும் காக்காவின் தோணியில் இருந்தன. நனையாத நெருப்புப்பெட்டி அண்ணனின் மடியில் இருந்தது. பசித்த வயிற்றில் ரோசம் எவ்வளவு நேரம் நிற்கும்? மழை விட்டதும் ஒரே சட்டியில் பொங்கித் தின்றார்கள். கொடியும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் எங்கள் நாடு பிறந்தது அப்படித்தான்.

அடுத்த கிழமையே யார் தலைவர் என்ற பேச்சு வந்துவிட்டது. மனிதர் இரண்டு பேர் கூடினால் வருகிற பேச்சுத்தானே அது. உசனார் காக்காதான் தீர்த்து வைத்தார். "சமைக்கிறவன்தான் ஜனாதிபதி. எல்லார்ர வயிறும் அவன்ட கையிலதானே இரிக்கி" என்றார். ஒரு மாதத்துக்கு ஒருவர். நாங்கள் அமாவாசை பார்ப்போம், அவர்கள் பிறை பார்ப்பார்கள். சந்திரன் ஒன்றுதான், ஒருநாள் முன்னே பின்னே போனால் யாரும் வழக்குக்குப் போவதில்லை. பதவிக்கு அடையாளம் ஒரு சிரட்டை அகப்பை.

இரண்டாவது சட்டம், தீவில் நட்ட கம்பு எதுவும் இராத்தங்கக் கூடாது. வலை காயப்போடக் கம்பு நடலாம், போகும்போது பிடுங்கிவிட வேண்டும். இன்றைக்கு ஒரு கம்பு நின்றால் நாளைக்கு அது வேலி, மறுநாள் அது பத்திரம் எழுதின உறுதிக் காணி. இந்த மண்ணில் எத்தனை சண்டை ஒரு கம்பில் தொடங்கியது என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மூன்றாவது சட்டம்தான் எங்கள் குடியைக் கெடுத்தது. புதிதாக யார் தீவில் இறங்கினாலும் அன்றைக்கு அவர்தான் ஜனாதிபதி. அகப்பையை அவர் கையில் கொடுப்போம், மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருத்துவோம். அவர் சட்டியைக் கிண்டி உப்பைப் போட வேண்டும். அவர் போட்ட உப்பு கூடினாலும் குறைந்தாலும் சாப்பிடுகிற யாரும் குறை சொல்லக் கூடாது. வந்தாரை வாழவைக்கும் மட்டக்களப்பு என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறதே, அதை நாங்கள் வாயால் சொல்வதில்லை, சட்டமாகவே வைத்திருந்தோம்.

நான் எப்படி இந்த நாட்டுக்காரி ஆனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் புருஷன் காய்ச்சலில் போன பிறகு அவருடைய தோணியை நான் எடுத்தேன். தீவில் இறங்கினால் ஆண்கள் எல்லோரும் ஆளை ஆள் பார்க்கிறார்கள். பொம்பிளை எப்படி ஜனாதிபதி ஆகலாம் என்று ஒருவர் முணுமுணுத்தார். "சமைக்கிற ஆள்தான் ஜனாதிபதி எண்டா, நான் கலியாணம் கட்டின நாள் தொட்டு ஜனாதிபதி. நீங்கதான் எனக்கு மறுகா வந்த ஆக்கள்" என்றேன். உசனார் காக்கா சிரித்த சிரிப்பில் அவருடைய தொப்பி கீழே விழுந்தது. அன்றைக்கே அகப்பை என் கைக்கு வந்தது. அந்தத் தீவின் ஆழமில்லாத கரையில்தான் எனக்கு இறால் கிடைக்கிறது. அந்தக் கரை இல்லாவிட்டால் என் வீட்டில் அடுப்பு இல்லை.

இனி சதீசன் வந்த கதைக்கு வருகிறேன்.

ஏதோ ஓர் உல்லாச விடுதிக் கம்பனியின் ஆள். தலை சீவின சீர் கலையாமல் இயந்திரப் படகில் வந்து இறங்கினார். கூட ஒருவர் கமராவுடன் வந்தார். "இங்க ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அந்த மாதம் உசனார் காக்காவின் முறை. எழுபது வயது மனிதர், விருந்தாளியைக் கண்டால் சின்னப்பிள்ளை ஆகிவிடுவார். அகப்பையைக் கழுவி, இரண்டு கையாலும் நீட்டினார். "இண்டைக்கு நீங்கதான் தம்பி எங்கட ஜனாதிபதி. தீவு உங்கட" என்றார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். பெட்டியில் குந்தி, அகப்பையைப் பிடித்துக்கொண்டு சதீசன் சிரித்தார். கமராக்காரர் எடுத்தார். எடுத்து முடிந்ததும் சதீசன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார், அகப்பையை மணலில் வைத்தார், படகில் ஏறினார். சட்டியில் மீன் குழம்பு, நாங்கள் சொல்கிற ஆணம், கொதித்துக்கொண்டே கிடந்தது. ஆணத்துக்கு உப்பைப் போடுங்கள் என்று காக்கா கூப்பிட்டதை அவர் காதில் வாங்கவில்லை. படகில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்துத் தின்றுகொண்டு போனதை என் கண்ணால் கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விடு தங்கச்சி, அவருக்கு என்ன அவசரமோ" என்று காக்கா சொன்னார்.

அவருக்கு இருந்த அவசரம் மாதம் திரும்பும்போது தெரிந்தது. இறாலுக்குப் போன நான் தீவைக் கண்டு துடுப்பை நிறுத்திவிட்டேன். கரை நெடுகச் சவுக்குக் கம்பு நட்டு, கம்பி இழுத்து, தனியார் இடம் என்று ஒரு பலகையும் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு காவலாளி நின்றார். ஓட்டமாவடிப் பக்கத்து ஆள், பெயர் பஸ்லான் என்று பிறகு தெரிந்தது. "உள்ளுக்கு வர ஏலாது அம்மா. உங்கட ஆக்கள்தானாமே குடுத்த" என்றார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள். நாங்கள் கொடுத்தது ஓர் அகப்பை, அவர்கள் பிடுங்கியது ஒரு நாடு.

அன்றோடு உசனார் காக்கா வாவிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவரைப் பார்க்கக் காத்தான்குடிக்குப் போனேன். மருமகள் ஹஸீனா கதவைத் திறந்து, "மாமா சரியாச் சாப்பிடுறதும் இல்ல" என்றாள். உள்ளே மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தங்கச்சி நாட்டக் குடுத்த. என்ட வாயாலதான் சொன்ன" என்றார்.

"நீங்க சோறு குடுத்தீங்க காக்கா. அவன் களவெடுத்தான். ரெண்டையும் ஒண்டாக் கட்டாதீங்க."

"ஆர் தங்கச்சி நம்புவாங்க? படத்துல என்ட மூஞ்சிதானே இரிக்கி."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? தீவைப் பிடித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். விருந்தாளியை நல்ல மனதோடு கூப்பிட்ட ஒரு மனிதரைச் சொந்த வீட்டிலேயே குற்றவாளி மாதிரி குந்தவைத்துவிட்டார்களே, அதை நான் எப்படிப் பொறுப்பேன். நாங்கள் போட்ட முறைப்பாட்டை விசாரிக்கக் கந்தோரில் வைக்கிற கூட்டத்துக்கு வாருங்கள், பேச வேண்டாம், வந்து இருந்தால் போதும் என்று அவரைக் கையோடு பிடித்துக்கொண்டு போனேன்.

அந்தக் கூட்டத்தில்தான் படம் போட்டார்கள். காற்றாடி சுற்றுகிற அறை. அதிகாரி நடுவில், சதீசன் பக்கத்தில், நாங்கள் கடைசி வரிசைப் பிளாஸ்டிக் கதிரைகளில். சுவரில் உசனார் காக்கா பெரிதாகத் தெரிந்தார். "தீவு உங்கட" என்று அவருடைய குரல் அறையெல்லாம் கேட்டது. நாங்கள் கை தட்டுகிற இடத்தோடு படம் முடிந்தது. காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தீங்கள்தானே" என்றார் அதிகாரி. "நீங்களே உங்கட தலைவர வச்சு, சந்தோசமாக் கையளிச்சிருக்கிறீங்கள். பிறகு என்ன முறைப்பாடு?"

வினாயகமூர்த்தி அண்ணன் எழும்பினார். தீவில் சிங்கம் மாதிரிப் பேசுகிற மனிதர், கந்தோர்ப் படி ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஐயா, அது வந்து, சும்மா பகிடிக்கு" என்று இழுத்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை இருத்திவிட்டார். நான் எழும்பினேன்.

"பகிடி இல்ல ஐயா. அவர நாங்க ஜனாதிபதி ஆக்கினது உண்மை. நான்தான் எல்லாரையும் விடப் பெருசாக் கை தட்டினன்."

சதீசன் சிரித்தார். அதிகாரியும் பேனாவைத் திறந்தார்.

"அப்ப எங்கட நாட்டையும் எங்கட ஜனாதிபதியையும் நீங்க ஏத்துக்கொள்ளுறீங்கதானே ஐயா?"

"இந்த விசயத்துக்கு மட்டில், ஓம்."

"சந்தோசம். அந்த நாட்டில சட்டம் இருக்கு. விருந்தாளி ஜனாதிபதிக்குப் பதவி ஒரு பொழுதுக்குத்தான். சட்டியக் கிண்டி உப்பப் போடோணும். இவர் போடல்ல. உப்புப் போடாத ஆளுக்கு அங்க பதவியும் இல்ல, பங்கும் இல்ல. இன்னுமொரு சட்டம், நட்ட கம்பு ராத்தங்கக் கூடாது. இவர்ர கம்பு எத்தின ராவாய் நிக்குது எண்டு அவரையே கேளுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "அம்மா, இதெல்லாம் உங்கட விளையாட்டு. கிண்ணந்தீவு எண்டு ஒரு நாடு இல்ல. இல்லாத நாட்டின்ர சட்டத்த நான் எப்பிடி ஏத்துக்கொள்ளுறது?"

"அப்ப இல்லாத நாட்டின்ர ஜனாதிபதி குடுத்தத மட்டும் எப்பிடி ஐயா ஏத்துக்கொண்டீங்க?"

அதிகாரி திரும்பிச் சதீசனைப் பார்த்தார். நான் விடவில்லை. விடுகிற நிலையில் நான் இல்லை.

"நாடு உண்டு எண்டா சட்டமும் உண்டு. நாடு இல்ல எண்டா குடுத்ததும் இல்ல. ரெண்டில ஒண்டச் சொல்லுங்க. வாங்குறதுக்கு ஒரு வாய், மறுக்கிறதுக்கு ஒரு வாய் வச்சிக்கொண்டு ஏழையிட்ட வராதீங்க. இந்த மனிசன் ஒரு பிடி சோத்துக்குத்தான் கூப்பிட்டார். அதப் படம் புடிச்சு வித்தவன் அந்தா இருக்கான், தலையக் குனிஞ்சு இருக்கிறது இவர்."

சதீசன் தன்னுடைய கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தண்ணீர் குடித்தார். பிறகு, இது மேலிடத்துக்குப் போக வேண்டிய விசயம், முடிவு வரும்வரை இரண்டு பக்கமும் தீவில் எதையும் நடக்கூடாது, நட்டதைக் கம்பனி உடனே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தீவு உங்களுடையது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதையும் ஒருநாள் வரவைப்பேன்.

கம்பனி கம்பை எடுக்கவில்லை. எடுப்பார்களா என்ன. அமாவாசை வந்தது, ஜனாதிபதி முறை எனக்கு. அரிசி, சட்டி, மணலை மீன் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். உசனார் காக்கா வரமாட்டேன் என்று நின்றார். வராவிட்டால் அன்றைக்குத் தீவில் உலை ஏறாது, எல்லோரும் பட்டினி என்று சொன்னேன். வந்து தோணியில் ஏறினார்.

சட்டம் என்றால் சட்டம். கம்பை எல்லாம் பிடுங்கினோம். கம்பியைச் சுருட்டிப் பலகையோடு ஒரு பக்கம் வைத்தோம், அது அவர்களுடைய சாமான், நமக்கு வேண்டாம். கம்பும் அவர்களுடையதுதான், ஆனால் எனக்கு விறகு இல்லை. நன்றாகக் காய்ந்த சவுக்கு. அப்படி ஓர் அடுப்பை நான் வாழ்நாளில் எரித்ததில்லை.

சோறு இறங்கி, ஆணம் கொதிக்கும்போது காவலாளி பஸ்லான் வந்தார். எங்களைத் தடுக்கத் தனி ஆளால் முடியாமல், அதுவரை தூரத்தில் நின்று எங்கேயோ கைப்பேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். யாரும் எடுக்கவில்லை போலும். அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் படகும் அன்றைக்கு வரவில்லை. எரிகிற கம்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

என்னைத் திருப்பி அனுப்பிய ஆள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மூன்றாவது சட்டத்தை அன்றைக்கே வெட்டிவிட வேண்டும் என்றுதான் நான் தீவுக்கு வந்திருந்தேன். இனி எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அகப்பை இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

உசனார் காக்கா எழும்பி வந்து என் கையிலிருந்த அகப்பையை வாங்கினார். பிறகு கழுவி, இரண்டு கையாலும் பஸ்லானிடம் நீட்டினார்.

"இண்டைக்கு நீங்கதான் தம்பி எங்கட ஜனாதிபதி" என்றார். "ஆனா உப்பப் போட்டுட்டுத்தான் போகோணும்."

பஸ்லான் என்னைப் பார்த்தார். நான் உப்புப் போத்தலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் குந்தி, சட்டியைக் கிண்டி, உப்பைப் போட்டார். கொஞ்சம் கூடத்தான் போட்டார். சட்டப்படி யாரும் குறை சொல்லவில்லை.