குறட்டை ஆராய்ச்சி

பல்கலைக்கழகத்தில் அவளை எல்லோரும் வலைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். மீன் பிடிக்கிற வலை இல்லை. வளாகத்தின் அத்தனை கணினிகளையும் ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கும் வலைப்பின்னலுக்கு அவள் பொறுப்பு. இணையம் ஒழுங்காக ஓடும்வரை அவளை நினைக்க ஆள் இருக்காது. நின்றுவிட்டால் அவளைத் திட்டாத வாய் இருக்காது.

அன்று காலை கைப்பையை மேசையில் வைப்பதற்குள் தொலைபேசி அடித்தது. நூலகர் பேசினார். மருத்துவ இதழ்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லையாம். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் நூலக வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்களாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்த இதழ்களை வெளியிடும் பதிப்பகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு ஒன்றிலிருந்து நேற்றுப் பிற்பகல் எங்கள் கட்டுரைகளை யாரோ மூட்டை மூட்டையாக இறக்கியிருக்கிறார்கள்; ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை உங்கள் யாருக்கும் கதவு திறக்காது என்று, மரியாதையாக ஆனால் கறாராக எழுதியிருந்தார்கள்.

வலைக்காரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணினிகளையும் இணையத்தையும் எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிக் கூடாது என்று நான்கு பக்கத்துக்கு விதிமுறை எழுதி, துணைவேந்தரிலிருந்து தோட்டப் பிரிவுவரை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவள் அவள். பாஸ்வேர்டை அடுத்தவருக்குக் கொடுத்தால் இரண்டு வாரம் கணக்கு முடக்கம், அதோடு ஒரு விதிமுறை வகுப்பு. போன மாதம்தான், கிரிக்கெட் பார்க்கத் தங்கை மகனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்த வரலாற்றுப் பேராசிரியரை அந்த வகுப்பில் உட்கார வைத்திருந்தாள். மனுஷர் அன்றிலிருந்து எதிரில் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

எந்தப் புண்ணியவான் என்று பார்க்கலாம் என, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள். பெயரைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அது அவளுடைய கணவனின் பெயர்.

அவன் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் விரிவுரையாளன். நேற்றுப் பிற்பகல் முழுக்க மாணவர்களோடு ஆய்வுக்கூடத்தில் நின்றவன். எவனோ திருடன் அவன் கணக்கில் நுழைந்திருக்கிறான் என்று நினைத்து, எங்கிருந்து நுழைந்தான் என்று பார்த்தாள். அந்த இணைப்பின் எண் அவளுக்கு மனப்பாடம். அவளே வீட்டிலிருந்து வேலை செய்யும்போது தினமும் கண்ணில் படுகிற எண். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அதுவும் சொந்த வீட்டுப் பூதம்.

கணவனை வரச் சொன்னாள். வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தவன், அவள் காட்டியதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அம்மா ஏதோ ஒரு கட்டுரை படிக்கணும்னு கேட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதானேன்னு பாஸ்வேர்டு சொன்னேன்."

"என்ன கட்டுரை?"

"குறட்டை பத்தி."

மாமனாரின் குறட்டை அந்தத் தெருவில் பிரசித்தம். மாமியார் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவரைக்கும், காலையில் ஓட வேண்டுமே என்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சமாளித்தார். ஓய்வு பெற்ற பிறகு, இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று இறங்கிவிட்டார். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு ஆழமாக இறங்கியது மட்டும் தெரியாது.

மதியம் இருவரும் வீட்டுக்குப் போனபோது மாமியார் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓர் இணையப் பக்கத்தில் உள்ள கட்டுரைகளை எல்லாம் ஒரே அழுத்தில் இறக்கித் தரும் ஒரு வசதியைத் தானே கண்டுபிடித்ததையும், தூக்கத்தைப் பற்றிய இதழ்களின் பழைய தொகுப்புகள் அத்தனையும் இப்போது தன் கையில் இருப்பதையும் பெருமையாகச் சொன்னார். காப்பீட்டு அலுவலகப் பழக்கம் அது. கோப்பு என்றால் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை இருந்தாக வேண்டும்.

மருமகள் நடந்ததைச் சொன்னாள். மாமியாரின் முகம் சுண்டிவிட்டது.

"படிக்கிறது குத்தமாம்மா?"

"படிக்கிறது குத்தமில்ல அத்தை. விருந்துக்குக் கூப்பிட்ட இடத்துல வயிறாரச் சாப்பிடலாம். அண்டாவோட தூக்கிட்டு வந்தா? அதுவும் உங்களைக் கூப்பிடவே இல்ல. உங்க பையனைத்தான் கூப்பிட்டாங்க."

மாமியார் மடிக்கணினியை மெல்ல மூடினார். அந்தப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டார். நெருங்கிவிட்டது என்றதும் கண் கலங்கிப் போனது.

அப்போது கணவன் மெல்ல ஒரு யோசனை சொன்னான். யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று எழுதிவிட்டால் என்ன? பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. எல்லோரும் சொல்கிற காரணம்தானே? வலைக்காரம்மா உடனே மறுத்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் அவளுக்கும் அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. அந்தக் கடிதத்தை எப்படித் தொடங்கலாம் என்றுகூட யோசித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு போகும் வரலாற்றுப் பேராசிரியரின் முகம் குறுக்கே வந்தது. ஊருக்குத்தான் உபதேசம், வீட்டுக்கு இல்லை என்று அவர் சொன்னால் அதில் தப்பென்ன?

"வேண்டாங்க. நடந்ததை நடந்தபடியே எழுதி, இன்னைக்கே பதிவாளர்கிட்ட கொடுக்கறேன். உங்களுக்கும் ரெண்டு வாரம்தான்," என்றாள்.

கணவன் முகம் தொங்கிப் போனது. மாமியார்தான் அதட்டினார். "அவ சொல்றது சரிடா. என்னையும் கூட்டிட்டுப் போங்க. செஞ்சது நான். உன் பின்னால ஒளிஞ்சுக்க முடியாது."

கிளம்புவதற்கு முன் கட்டுரைகளை எல்லாம் அழித்தார்கள். ஒரே அழுத்தில் போய்விடும் என்று மருமகள் சொல்லியும் கேட்காமல், மாமியார் ஒவ்வொரு தலைப்பாகப் படித்துப் பெருமூச்சு விட்டு அழித்தார். பொறுத்துப் பார்த்த கணவன், கடைசியில் அவரை மெதுவாக நகர்த்திவிட்டு மிச்சத்தை மொத்தமாக அழித்தான்.

பதிவாளர் அறையில் அவர்களுக்கு முன்பாகவே வரலாற்றுப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பதிவாளர் கூட்டியிருந்த ஒழுங்குக் குழுவில் அவரும் ஒரு உறுப்பினர். பார்ப்போம் என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். வலைக்காரம்மா எழுதி வந்ததை வாசித்தாள். கணவன் பெயர், அவன் செய்த தவறு, இரண்டு வாரம் முடக்கம், விதிமுறை வகுப்பு. ஒன்றையும் விடவில்லை. பிறகு மாமியார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். எதற்காக இத்தனை கட்டுரைகள் என்று பதிவாளர் கேட்டதற்கு, ஒளிக்காமல் காரணத்தைச் சொன்னார். குறட்டையின் வகைகளையும் அதன் ஏற்ற இறக்கங்களையும், நடுவில் மூச்சு நின்று நின்று வருவதையும், அந்த நேரத்தில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதையும் அவர் விவரித்தபோது, அறையில் இருந்தவர்கள் சிரிக்கக் கூடாது என்று ஆரம்பித்து, கடைசியில் சிரிப்பை மறந்து கேட்டார்கள்.

வரலாற்றுப் பேராசிரியர் கட்டிய கையை அவிழ்த்தார். "அந்த மூச்சு நிக்கிறது இருக்கே, அதை விட்டுடாதீங்கம்மா. டாக்டர்கிட்ட காட்டுங்க. எங்க அண்ணனுக்கு அப்படித்தான் இருந்துச்சு," என்றார். பிறகு வலைக்காரம்மாவைப் பார்த்து, இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல், தான் உட்கார்ந்த விதிமுறை வகுப்பில் நாற்காலி ரொம்பக் கடினம் என்றும், கட்டிய கணவனுக்காவது ஒரு மெத்தை போடும்படியும் கேட்டுக்கொண்டார்.

அந்த அறிக்கை போய்ச் சேர்ந்ததும், அன்று மாலையே பதிப்பகம் கதவைத் திறந்துவிட்டது. நூலகர் தொலைபேசியில் சொன்னபோது, பின்னால் மாணவர்களின் ஆரவாரம் கேட்டது.

அடுத்த வாரம் விதிமுறை வகுப்பு. கணவன் முன்வரிசையில் உட்கார்ந்து, மனைவி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கையைத் தூக்கினான். அதுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவன் அன்றைக்குத்தான் வழிக்கு வந்தான். வகுப்பில் ஒரு விஷயம் தெரிந்தது: நான்கு பக்கத்தையும் முழுதாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. கையெழுத்து மட்டும் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். வலைக்காரம்மா அந்த வாரமே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பேசுகிற தமிழில் ஒரே பக்கத்தில் புதிதாக எழுதினாள். அண்டாவும் அதில் இடம்பிடித்தது.

வெளியாட்களும் நூலகத்துக்கே வந்து இதழ்களைப் படிக்கலாம், அதற்கு ஓர் உறுப்பினர் அட்டை உண்டு என்று நூலகர் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. அந்த அட்டையை யாரும் கேட்டு வாங்கியதாக அவருக்கு நினைவில்லை. மாமியார் வாங்கினார். நேர்வழியில் வந்து, ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கட்டுரை என்று படித்தார். படித்ததில் தேறியதை எல்லாம் கேள்விகளாக்கி, மாமனாரைக் கையோடு இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓர் இரவு மருத்துவமனையில் படுக்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டித் தூக்கத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போன மாமனார், மறுநாள் காலை மகனும் மருமகளும் அழைத்துவரப் போனபோது தலை கலைந்து, முகம் தெளிந்து, ஏதோ சாதித்தவர்போல உட்கார்ந்திருந்தார். மூச்சு நிற்பது உண்மைதான், சரிசெய்துவிடலாம், நல்ல வேளை இப்போதே வந்தீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். இரவெல்லாம் துணைக்கு இருந்த மாமியார் நாற்காலியில் சாய்ந்து, வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சையிலயும் நான் தேறினதில்லம்மா," என்றார் மாமனார் மருமகளிடம். "இங்க படுத்துத் தூங்கினதுக்கு, இவ்வளவு தெளிவா ஒரு கேஸை நாங்க பார்த்ததே இல்லன்னு நர்ஸ் சொல்லுது."